பாலாற்று மணலில் என் டூ-ஸ்ட்ரோக்

டூ-ஸ்ட்ரோக் வண்டி ரிப்பேர் செய்கிறவன் எங்கே போனாலும், அவனுக்கு முன்னால் அவன் சட்டையின் புகை வாசனை போய்ச் சேர்ந்துவிடும். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் மூக்கைத் தடவிக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்காருவார். எழுபதுகளில், காஞ்சிபுரத்திலிருந்து ஓரிக்கைக்குப் போகிற சாலையில் நானும் துலுக்காணமும் கூட்டாக ஒரு பட்டறை வைத்திருந்தோம். வாரத்தில் ஆறு நாள் ஊரார் வண்டி. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் என் வண்டி, பாலாற்று மணலில்.

கோடையில் பாலாற்றில் தண்ணீரைத் தவிர எல்லாம் இருக்கும். ஏழெட்டு வண்டிக்காரர்கள் ஓரிக்கைக் கரையில் கூடுவோம். கரையிலிருந்து கிளம்பி, ஆற்றுக்கு நடுவே நட்ட மூங்கிலைச் சுற்றிக்கொண்டு திரும்பி வரவேண்டும். ஜெயித்தவனுக்கும் கோலி சோடாதான், தோற்றவனுக்கும் கோலி சோடாதான். ஆனால் ஜெயித்தவன் முதலில் குடிப்பான். என் வண்டி மூன்று கை மாறி என்னிடம் வந்தது. கிக்கரையே திருப்பினால் கியர் லீவராகிவிடுகிற அந்தக் காலத்து வண்டி. உதைத்து உதைத்துக் கெண்டைக்கால் வீங்கிய சகோதரர்களே, உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளட்டும்.

சுவரும் ஜன்னலும்

இந்த வண்டிகளில் பிஸ்டனுக்கு வேண்டிய எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றவேண்டும். எண்ணெய் போய்ச் சேராவிட்டால், சூட்டில் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டு இன்ஜின் நின்றுவிடும். பிறகு சிலிண்டரை லேத்தில் கொடுத்து மயிரிழை அளவு கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடவேண்டும். இரண்டு கோடையில் என் வண்டி மூன்று முறை பிடித்தது. மூன்று முறையும் பந்தயத்தின் முடிவில், நான் முன்னால் போய்க்கொண்டிருந்தபோது.

மூன்றாவது தடவை வாலாஜாபாத்தில் லேத் வைத்திருந்த பாஷா பாயிடம் சிலிண்டரை எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே விரலை விட்டுத் தடவினார். அளவு பார்த்துக் கடைசி முறையாகக் கடைந்தார். இதைவிடப் பெரிய பிஸ்டன் வருவதில்லை, இந்த மாதிரி சிலிண்டரும் இனி கிடைக்காது என்றார். அது ஒரு இரும்புத் துண்டுதான், ஆனால் அது போனால் வண்டி போயிற்று. அடுத்த முறை பிடித்தால் ஏதாவது செய்யலாமா என்று கெஞ்சுகிற மாதிரி கேட்டேன். பாய் சிலிண்டரைத் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"இதுக்கு மேல கடைஞ்சா செவுரு இருக்காது பா, ஜன்னல்தான் இருக்கும்."

பட்டில் வடிகட்டியது

ஏன் எப்போதும் முடிவில் பிடிக்கிறது? எனக்குச் சோறு இறங்கவில்லை. மணல் தூசி கார்புரேட்டர் வழியாக உள்ளே போகிறதோ என்று சந்தேகம். கம்பி வலையில் மணல் நிற்காது, பருத்தித் துணியிலும் மாவு போன்ற தூசி புகுந்துவிடும். அப்போது பட்டறையில் ஸ்கூட்டருக்கு பிரேக் கட்டை மாற்றக் காத்திருந்தார் ஏகாம்பரம். பட்டு நெசவாளர். கறை பட்டதென்று ஒதுக்கிய ஒரு துண்டு வீட்டில் இருப்பதாகச் சொல்லி, போய் எடுத்து வந்தார். பட்டு வடிகட்டி போட்ட பைக் உலகத்திலேயே என்னுடையதாகத்தான் இருக்கும் என்று பெருமையோடு கார்புரேட்டர் வாயில் கட்டினேன்.

இருபது உதைக்கு அப்புறம் வண்டி கிளம்பியது. நாலு தரம் இருமியது, கறுப்பாகப் புகை விட்டது, நின்றது. மறுபடியும் இருபது உதை. மறுபடியும் இருமல். ஏகாம்பரம் துணியை அவிழ்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இழை எங்கேயாவது விலகியிருக்கிறதா என்று பார்த்தார். விலகவில்லை. அவருக்கு முகமெல்லாம் திருப்தி.

"எங்க தறியில நெய்ஞ்ச துணிப்பா. இதுல காத்து பூந்துச்சுன்னாதான் எங்களுக்குக் கெட்ட பேரு."

குருக்களின் உத்தரணி

எங்கள் வாடிக்கைக்காரர்களில் ஒரு குருக்கள் உண்டு. மொபெட் வைத்திருந்தார். பெட்ரோலில் எண்ணெய் கலக்க மூடியில் அளவு இருக்கிறது; அவர் அதை நம்பமாட்டார். பூஜையில் தீர்த்தம் விடுகிற உத்தரணிக் கரண்டி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, ஒன்று, இரண்டு என்று எண்ணி விடுவார். நடுவில் யாராவது நமஸ்காரம் சொன்னால் எண்ணிக்கை மறந்துபோய் முதலிலிருந்து ஆரம்பிப்பார். அவர் தெருவில் வந்தால் முதலில் புகை வரும், பிறகு மணி கேட்கும், கடைசியில் குருக்கள் தெரிவார். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அந்த மொபெட் ஒரு நாளும் பிடித்ததில்லை.

அடுத்த ஞாயிறு நானும் அவர் அளவுப்படியே எண்ணெயை ஊற்றினேன். எனக்குப் பின்னால் வந்தவன் வாலாஜாபாத் ரைஸ்மில் தாமோதரன், பெரிய ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிக்காரன். புகையைப் பார்த்து என் வண்டி எரிகிறதென்று நினைத்து, இறங்கி இரண்டு கை மணலை அள்ளிக்கொண்டு ஓடிவந்தான். மூங்கிலைச் சுற்றித் திரும்புவதற்குள் பிளக் எண்ணெயில் முழுகி வண்டி நின்றது. இன்ஜின் பிடிக்கவில்லை, பிடிக்கிற அளவுக்கு அது ஓடவே இல்லை. மணலில் தள்ளிக்கொண்டுதான் கரைக்கு வந்து சேர்ந்தேன். திங்கட்கிழமை குருக்களிடம் முறையிட்டேன். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"எண்ணெய் தூக்கலா விட்டா சுவாமியே கோச்சுக்கறதில்லையே, உங்க இன்ஜின் ஏன் கோச்சுக்கறது?"

வெள்ளரித் தோட்டத்துக்கு எதிரே

கரைக்குக் கொஞ்சம் முன்னால் மணல் முடிந்து, களி காய்ந்த கெட்டித் தரை வரும். அதை ஒட்டி, ஆற்றிலேயே பாத்தி பிடித்து வெள்ளரி போட்டிருந்தாள் கன்னியம்மா. நாற்பது வயதிருக்கும். கீற்றுப் பந்தலில் உட்கார்ந்து காக்கை ஓட்டிக்கொண்டு, இரண்டு கோடையாக எங்கள் பந்தயத்தைப் பார்த்தவள். பார்த்தவள் என்பதைவிடக் கேட்டவள் என்று சொல்லவேண்டும், கண்ணெல்லாம் காய் மேல்தான்.

எண்ணெய் கலவையைச் சரிசெய்துகொண்டு ஒரு நாள் காலை தனியாகச் சோதனை ஓட்டம் போனேன். தாகம் எடுத்து அவளிடம் பிஞ்சு வாங்கிக் கடித்துக்கொண்டு என் கஷ்டத்தைச் சொன்னேன். தூசி, எண்ணெய், வெயில் என்று எல்லாக் காரணத்தையும் அடுக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் கெட்டித் தரையைக் கையால் காட்டினாள்.

"மூணு தபாவும் இதே எடம்தான்பா. மணல்ல நல்லாத்தான் கத்திக்கினு வருது. கெட்டித் தரைக்கு வந்ததும் நீ பயந்துக்கினு கைய விட்டுடற, அப்பறம்தான் அது வாய மூடுது."

துலுக்காணத்தின் கோபம்

கடித்த பிஞ்சைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். மணலில் ஆக்சிலரேட்டரை விட்டால் வண்டி உடனே புதைந்து நின்றுவிடும், ஆபத்தில்லை. கெட்டித் தரையில் சக்கரம் பிடிப்போடு ஓடும். ஓடுகிற சக்கரம் இன்ஜினையும் சேர்த்துச் சுற்றும். நானோ, சூடான இன்ஜினுக்கு ஓய்வு கொடுப்பதாக நினைத்து அங்கேதான் கையை விடுவேன். பெட்ரோல் நிற்கும், அதோடு வருகிற எண்ணெயும் நிற்கும். காப்பாற்றுவதாக நினைத்து மூன்று முறையும் நானேதான் அதன் கழுத்தை நெரித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதே அளவு சந்தோஷமாகவும் இருந்தது.

ஓடிப்போய்த் துலுக்காணத்திடம் சொன்னேன். அவன் ஸ்பேனரைக் கீழே போட்டான். கெட்டித் தரையில் கையை விடாதே, நிறுத்தவேண்டுமானால் முதலில் கிளட்ச்சைப் பிடி, அப்புறம் கையை விடு என்று எனக்குப் பாடம் எடுத்தான். எடுத்த பிறகுதான் அவனுக்குக் கோபம் வந்தது.

"வர்ற கஸ்டமருக்கெல்லாம் இதத்தானேடா வாய் வலிக்க சொல்லிக்கினு இருக்கறோம்!"

நிறுத்தத் தெரியாத பந்தயம்

அந்தக் கோடையின் கடைசிப் பந்தயம். பிடித்தால் வண்டி பழைய இரும்புக்குத்தான் போகும் என்று எனக்குத் தெரியும். மூங்கில் வரை தாமோதரன் முன்னால் போனான். திரும்பும்போது அவன் வண்டி கனம் தாங்காமல் அச்சு வரை புதைந்தது. நான் ஆக்சிலரேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்தேன். கெட்டித் தரை வந்தது. விரல்கள் தாமாகவே தளரப் பார்த்தன. விடவில்லை. இன்ஜின் அலறிக்கொண்டே கரைக்கோட்டைத் தாண்டியது. முதல் முறையாக ஜெயித்தேன்!

சந்தோஷத்தோடு கிளட்ச்சைப் பிடித்தேன். கேபிள் பட்டென்று அறுந்து லீவர் தொளதொளத்தது. கிளட்ச் இல்லாமல் கையை விட்டால் சிலிண்டர் போய்விடும். விடாவிட்டால் எதிரே கரை மேடு, மேட்டில் ஜனங்கள். ஒரு பக்கத்தில்தான் மெத்தென்ற மணல், அன்று காலை தண்ணீர் விட்ட மணல். ஹேண்டிலை அங்கே திருப்பினேன். நாலு பாத்தி வெள்ளரிக்கொடி சக்கரத்தில் சுற்றிக்கொள்ள, ஐந்தாவது பாத்தியில் வண்டி புதைந்து, முக்கி, தானாக நின்றது. பதறிப்போய்க் கிக்கரை மெதுவாக அமுக்கிப் பார்த்தேன். இறங்கியது. பிடிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூச்சிரைக்க ஓடிவந்த துலுக்காணம் கொடியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"கைய விடாம சாவிய திருப்பி ஆஃப் பண்ணியிருந்தா நின்னிருக்குமேடா."

கன்னியம்மா கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவள் சக்கரத்தில் சிக்கிய கொடியைப் பிரித்தெடுத்தாள். பூ விட்ட நுனிகளைத் திரும்ப மணலில் பதித்து, மண் அணைத்தாள். பிறகு நிமிர்ந்து, நடு ஆற்றில் தோண்டியிருந்த ஊற்றைப் பார்த்தாள். தினமும் அங்கிருந்துதான் இடுப்பில் குடம் சுமந்து வருவாள்.

"இஞ்சினு பொழச்சிக்கிச்சில்ல? அப்ப நாளையிலேர்ந்து வண்டியில ரெண்டு பக்கமும் கொடத்த கட்டிக்கினு வா, இந்தக் கொடியும் பொழைக்கட்டும்."

ஜெயிக்கிற அவசரத்தில் மூன்று முறை பிடித்த அந்த இன்ஜின், தளும்பும் இரண்டு குடங்களோடு வெள்ளரிக்குத் தண்ணீர் சுமந்த அந்தக் கோடையில் ஒரு நாள் கூடப் பிடிக்கவில்லை என்பதுதான் என் மணல் பந்தய வாழ்க்கையின் மொத்தச் சாதனை.