நிக்கோவின் மீசையும் கிரேக்கத் தீப்பந்தமும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஷார்ஜா தொழில்பேட்டையிலிருந்து பிக்கப் கிளம்பியது. ஓட்டியவர் எங்கள் படகு ரிப்பேர் கேரேஜின் எஞ்சினியர் நிக்கோ. பக்கத்தில் நான். பின் சீட்டில் என் ரூம்காரன் செல்வம். ஜெபல் அலிக்கு ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். வழியில் கரக் டீ, தலைக்கு இரண்டு திர்ஹம்.

நிக்கோ கிரேக்க நாட்டுக்காரர். இங்குள்ள கிரேக்கக் குடும்பங்கள் வருடத்துக்கு ஒரு நாள் அங்கே கூடி, தங்கள் பழங்கால விளையாட்டுகளை ஆடுகிறார்கள். வட்டு எறிவதும் ஈட்டி எறிவதும் அவர்கள் நாட்டிலிருந்துதான் உலகத்துக்குப் போனதாம். கடைசியாகத் தீப்பந்த ஓட்டம். அணிக்கு நான்கு பேர், ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் பந்தம் மாறும். எரிகிற நெருப்போடு முதலில் பீடத்தை அடைகிற அணி ஜெயிக்கும். அணைந்தால் அவுட்.

"மூணு வருஷமா என் மச்சான் பெட்ரோஸ்தான் ஜெயிக்கிறான்," என்றார் நிக்கோ இந்தியில். "இந்தத் தடவை தோத்தவன் மீசையை எடுக்கணும்னு பந்தயம்."

"அண்ணே, இவரு நம்ம ஊர்க்காரர்தாண்ணே," என்று செல்வம் என் காதில் சொன்னான்.

ஒன்பது மணிக்கு மைதானம். கடற்காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. வட்டு எறிய வந்த ஒரு பெரியவர் சுழன்று சுழன்று, கடைசியில் தர்பூசணி மேசை மேல் போய் விழுந்தார். வட்டு புறப்பட்ட இடத்திலேயே கிடந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

ஈட்டி எறிந்ததில் நிக்கோ அணியின் கடைசி ஓட்டக்காரருக்குக் கால் பிசகிவிட்டது. நிக்கோ எங்களிடம் ஓடி வந்தார்.

"ஒரு ஆள் மாஃபி, இல்ல! யாராவது வாங்க!"

"எனக்கு முட்டி வலி. அண்ணன் வருவாரு," என்றான் செல்வம்.

"டீக்கடைக்கு ஓடினப்ப இல்லாத வலியாடா?" என்றேன். அதற்குள் நிக்கோ என் கையைப் பிடித்துவிட்டார். நாலு பேர் பார்த்தாலே எனக்குச் சோறு இறங்காது. அங்கே நூறு பேர் இருந்தார்கள்.

கடைசிச் சுற்றில் எனக்கு எதிராளி பெட்ரோஸ். இரண்டு பந்தங்களும் ஒரே நேரத்தில் வந்தன. அவர் பிடுங்கிக்கொண்டு பறந்தார். நெருப்பு கைக்கு வரும்போது செருப்போடு நிற்க எனக்கு மனம் வரவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிறகு, கற்பூரத் தட்டைக் கொண்டுபோவதுபோல், உள்ளங்கையால் காற்றை மறைத்துக்கொண்டு நடந்தேன்.

"யல்லா! ஜல்தி!" நிக்கோ தலையில் அடித்துக்கொண்டார்.

"அண்ணே, சாமி ஊர்வலம் இல்லண்ணே! ஓடுங்கண்ணே!"

அவர்கள் கத்தக் கத்த எனக்குக் கூச்சம் அதிகமாகி, நடை இன்னும் குறைந்தது.

பெட்ரோஸ் பீடத்தை நெருங்கிவிட்டார். அப்போது காற்று ஒரு வீச்சு வீசியது. அவர் பந்தத்தில் புகைதான் மிச்சம். உதறிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார். "சாரி சார்," என்று சொல்லி அவரைத் தாண்டிப் போய்ப் பீடத்து விளக்கை ஏற்றினேன். பழக்கத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"அவன் ஓடவே இல்லையே!" பெட்ரோஸ் கத்தினார்.

நடுவராக இருந்த பெரியம்மா கேட்டார்: "நெருப்பு வந்துதா இல்லையா?"

"வந்தது. ஆனா..."

"கலாஸ். முடிஞ்சுது."

என் தலையில் ஆலிவ் இலை வளையம் வைத்தார்கள். மாலை போட்டால் உடனே கழற்றுவதுதானே மரியாதை? கழற்றி நிக்கோவிடம் கொடுத்தேன். அவர் திரும்ப வைத்தார். நான் திரும்பக் கழற்றினேன். மூன்றாம் முறை அவர் வைத்துவிட்டு என் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

நம் ஊரில் மீசைப் பந்தயம் வாயோடு போய்விடும். இவர்கள் நிஜமாகவே ரேசர் கொண்டுவந்தார்கள். மீசை இல்லாத பெட்ரோஸைப் பார்த்து அவருடைய சின்ன மகள் அழுதுகொண்டே அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்தாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நான்கு மணிக்குக் கிளம்பினோம். பெட்ரோஸ் வண்டி ஜன்னலில் குனிந்து, வழித்த உதட்டைத் தடவியபடி சிரித்தார். "அடுத்த வருஷமும் எனக்கு எதிரா நீதான் வரணும். பந்தயம் உன் மீசை."

நிக்கோ எனக்காகச் சம்மதம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

"என்னண்ணே, மீசையைத் தடவிக்கிட்டே வர்றீங்க?" என்றான் செல்வம்.

"அடுத்த வருஷம் இதே மாசம் ஊருக்குப் போக லீவு கேக்கணும்டா," என்றேன்.