நாலு விரல் துணி

"வளர்ற புள்ளைங்க. உள்ள கொஞ்சம் துணி இருக்கட்டும்."

வாயில் ஊசி இருந்தாலும் டெய்லர் இதைச் சொல்லாமல் விடமாட்டார். சொல்லிக்கொண்டே கவுனின் கீழ்விளிம்பை உள்பக்கம் மடித்து, நாலு விரலை மேலே வைத்து அழுத்தி அளப்பார். அளவு நாடா அதுபாட்டுக்குக் கழுத்தில் தொங்கும். "இவ்வளவு துணி உள்ள இருந்தா கனக்காதா?" என்று யாராவது முணுமுணுத்தால், "கனக்கட்டுமே! அடுத்த வருஷம் கொண்டாங்க, சும்மாவே பிரிச்சுவிடறேன்" என்பார். மருமகனுக்குப் பேண்ட் தைக்க வந்த ஒருவரிடமும் இதே கதைதான். "அவனுக்கு முப்பத்தஞ்சு வயசுய்யா!" என்று அந்த மனிதர் தலையில் அடித்துக்கொண்டதுதான் மிச்சம். தெருவில் அவருக்கு 'நாலு விரல்' என்றே பேர்.

கடை என்று சொன்னால் கடைக்கே சிரிப்பு வரும். மாடிப்படிக்கு அடியில் ஒரு மெஷின், ஒரு கண்ணாடி, ஒரு முக்காலி. அந்த முக்காலியில்தான் ஒரு காலத்தில் அவர் மகள் உட்கார்ந்து, பட்டன்களை நிறம் பிரித்துக்கொண்டிருப்பாள். பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும், உதடு நீலம் பாரிக்கும். மற்றப் பிள்ளைகள் தெருவில் ஓடும்போது அவள், "அப்பா, நீ மெஷினை ஓட்டு, வேகமா!" என்பாள். அவரும் நூல் கோக்காமல் வெறும் மெஷினை மிதித்துத் தள்ளுவார். அது கடகடவென்று ஓட, அவள் கைதட்டிச் சிரிப்பாள். அந்தச் சாயங்காலங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்றைக்கும் அவருக்கு வேலை ஓடாது.

வேண்டுதல் எல்லாம் மனைவியின் இலாகா. "சாமிகிட்ட அவ பேசிப்பா. எனக்குத் தெரிஞ்சது மடிச்சுத் தைக்கிறதுதான்" என்பார். மகளுடைய ஒவ்வொரு கவுனிலும் நாலு விரல் துணி உள்ளே இருக்கும். ஆனால் பாவி மகள் வளர்ந்தால்தானே! கவுன் வெளுத்துக் கிழிந்துபோகும். மடிப்புக்குள் இருந்த துணி மட்டும் கடையில் வாங்கின மாதிரியே இருக்கும்.

ஆபரேஷன் என்று முடிவானபோது டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். மனுஷன் இடிந்துபோனார். ஆஸ்பத்திரிக்குப் போட்டுக்கொண்டு போக மகள் சிவப்புக் கவுன் கேட்டிருந்தாள். தைத்து மனைவியிடம் நீட்டினார். அவள் விளிம்பைப் புரட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரு விரல் துணிகூட இல்லை.

"என்ன இது? உள்ள துணி எங்க?"

"பத்தல."

"பொய் சொல்லாதீங்க." மெஷினுக்கு அடியில் சிவப்புத் துணி துண்டு துண்டாக வெட்டிக் கிடந்தது. "எம்பொண்ணு இனிமே வளரமாட்டான்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?"

டெய்லர் ஓவென்று அழுதார். அவள் அழவில்லை. தன் பச்சைப் புடவையின் முந்தானையிலிருந்து ஒரு பட்டையை வெட்டி மெஷின்மேல் போட்டாள். "இதைச் சேர்த்து உள்ள மடிச்சுத் தைங்க. நாலு விரல். குறையக்கூடாது."

கண்ணீர் மறைத்ததில் தையல் கோணல்மாணலாக ஓடியது. அப்படியொரு கேவலமான தையலை ஜென்மத்தில் தைத்ததில்லையாம்.

பெண் பிழைத்தாள். பிழைத்ததோடு, விட்டதையெல்லாம் பிடிக்கிறவள் மாதிரி மளமளவென்று வளர்ந்தாள். அடுத்த வருஷமே கவுனைப் பிரித்துவிட வேண்டியதாயிற்று. சிவப்புக்குக் கீழே பளிச்சென்று பச்சைப் பட்டை. "ஐயே, ஒட்டுப்போட்ட கவுன்!" என்ற பிள்ளைகளிடம், "போங்கடி, நான் வளர்ந்துட்டேன்!" என்று சுற்றிச் சுற்றிக் காட்டினாள். அன்றைக்குக் கடையை மூடிவிட்டு, அப்பாவும் மகளும் தெருக்கோடிவரை ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். தோற்றவர் அப்பா. அந்தத் தோல்வியை இன்றுவரை எல்லோரிடமும் பீற்றிக்கொள்கிறார்.

அவள் இப்போது அவரைவிட ஒரு பிடி உயரம். போன வாரம் வேலையில் சேர்ந்தாள். முதல் நாளைக்கென்று சாம்பல்நிற ஸ்கர்ட் ஒன்று தைத்து வைத்திருந்தார். வாங்கினவள் எதிரிலிருந்த கண்ணாடியைக்கூடப் பார்க்கவில்லை. விளிம்பைப் புரட்டி, உள்ளே மடித்திருந்த துணியின்மேல் தன் நாலு விரலை வைத்தாள். மெல்லிய விரல்கள், கொஞ்சம் துணி மிச்சமிருந்தது. அப்பாவின் கையை இழுத்து, ஊசி குத்திக் காய்த்துப்போன அந்தத் தடித்த விரல்களில் ஒன்றை, தன் விரல்களுக்குப் பக்கத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள்.