அப்பா இருந்த மூன்றாம் மாடி

நான் சின்னப்பிள்ளையாக இருந்த காலத்தில் எங்கள் வீட்டு அழைப்பு மணி அடித்தால் அப்பா எழும்பமாட்டார். கதவுக்குப் பக்கத்திலேயே கதிரையில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாலும் சரி, குசினியிலிருந்து அம்மாவோ என் அறையிலிருந்து நானோதான் ஓடிவந்து திறக்க வேண்டும். "பஞ்சி பிடிச்ச மனுசன்" என்று அம்மா எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டார். அப்பா சரியான சோம்பேறி என்று நானும் நம்பினேன்.

அந்தப் பஞ்சி பிடித்த மனிதர்தான், எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, பள்ளிக்கூட லீவுக்கு ருமேனியா போவோம் என்று திடீரென்று அறிவித்தார். நாங்கள் இருந்த ஜேர்மன் நகரமான கெல்சென்கிர்ச்சனில் எங்களுக்குத் தெரிந்த தமிழர்கள் லீவுக்குப் பாரிசுக்குப் போவார்கள், சேலை வாங்கலாம். லண்டனுக்குப் போவார்கள், எப்படியும் ஒரு கலியாணவீடு இருக்கும். ருமேனியாவில் என்ன கோதாரி இருக்கிறதென்று தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் எல்லோரும் அம்மாவைக் கேட்டார்கள். அம்மாவுக்கும் தெரியாது. அப்பா தன் தொலைபேசியில் திமிசோரா நகரத்துச் சதுக்கத்தின் படங்களைக் காட்டினார். மஞ்சளும் இளஞ்சிவப்புமாய்ப் பழைய கட்டிடங்கள், பூச்சாடிகள், பெரிய தேவாலயம். படம் எடுக்க வடிவான இடம் என்று அம்மா சம்மதித்தார்.

அந்தச் சதுக்கத்தில் நாங்கள் நின்றது ஒரு ஐஸ்கிரீம் கரைகிற நேரம்தான். கடைசி நாள் காலையில் அம்மா படத்துக்கென்று புதுச் செருப்புப் போட்டு வெளிக்கிட, அப்பா எங்களை ட்ராமில் ஏற்றி நகரத்தின் மறுபக்கம் கூட்டிக்கொண்டு போனார். இறங்கிய இடத்தில் சாம்பல் நிற மாடிக் கட்டிடங்கள், ஒன்றைப்போலவே மற்றது. அங்கே வைத்துத்தான் விஷயத்தைச் சொன்னார். ஜேர்மனிக்கு வரும் வழியில், காசு வாங்கிக்கொண்டு ஆட்களை எல்லை தாண்டிக் கொண்டுவருகிற ஏஜென்சிக்காரன் அவரையும் இன்னும் சில பெடியன்களையும் ஒரு மாரிகாலம் முழுக்க இங்கே ஒரு வீட்டில் வைத்திருந்தானாம். அந்த வீட்டை ஒருக்கால் வெளியில் நின்று பார்க்க வேண்டுமாம்.

"உந்தக் கண்டறியாத வீட்டுக்கே இவ்வளவு தூரம் வந்தது?" என்றார் அம்மா.

எனக்கோ சந்தோசத்தில் ஒரே புளுகம். அப்பா சிநேகிதர்களோடு லீவுக்கு வந்து தங்கிய வீடு என்று நான் விளங்கிக்கொண்டேன். நீச்சல் குளம் இருந்ததா என்று கேட்டேன். "குளிக்கிற தொட்டி ஒண்டு இருந்தது பிள்ளை. தண்ணிதான் வாறேல்ல" என்றார் அப்பா.

அந்த ஏஜென்சிக்காரன் எனக்குப் புதியவன் இல்லை. நான் கோப்பையில் சோறு மிச்சம் விடும்போதெல்லாம் அப்பாவின் கதையில் ஏறி எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வருகிறவன். எப்போதாவது வந்து காய்ந்த பாணைத் தந்துவிட்டுப் போகிற அவன், இடைக்கிடை கதவுப் பிடியில் ஒரு பையைக் கொழுவிவிட்டுப் போவானாம். வெளியே சத்தம் அடங்கிய பிறகு இவர்கள் கதவை நீக்கி எடுப்பார்களாம். உள்ளே ஒரு போத்தலில் சிவப்பாய் ஒரு சம்பல். "அவன் கள்ளன்தான். ஆனா மனச்சாட்சி உள்ள கள்ளன்" என்று அப்பா சொல்லி முடிப்பதற்குள் நான் கோப்பையை வழித்துவிட வேண்டும்.

ஆனால் வீடு கிடைக்கவில்லை. எந்தத் தெரு என்று அப்பாவுக்குத் தெரியாது. எந்த வாசல் என்றும் தெரியாது.

"மாசக்கணக்கா இருந்த வீட்டுக்கு வழி தெரியாதோ?"

"வெளியில விட்டாத்தானேயப்பா வழி தெரியும். இருட்டுக்க கொண்டந்து இறக்கினவங்கள், இருட்டுக்க ஏத்திக்கொண்டு போனவங்கள்."

அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். எனக்கு அந்த இடம் சதுக்கத்தைவிட நன்றாகப் பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு பல்கனியையும் ஒவ்வொருவர் தன் இஷ்டத்துக்குக் கண்ணாடி போட்டு அடைத்திருந்தார்கள். ஒன்றுக்குள் ஊறுகாய்ப் போத்தல்கள், ஒன்றுக்குள் சைக்கிள், ஒன்றுக்குள் எங்களைப் பார்த்துக் குரைக்கும் நாய். முந்திரிகைக் கொடி ஒன்று நிலத்திலிருந்து இரண்டாம் மாடி வரை ஏறியிருந்தது. எங்கள் கட்டிடத்தில் பல்கனியில் ஒரு துவாய் காயப்போட்டாலே வீட்டுக்காரர் முறைப்பார். இங்கே அயல் முழுக்கக் கால்சட்டைகள் ஆடின.

பின்னேரம் எங்களுக்கு விமானம். அப்பாவின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. இன்றைக்கு விட்டால் பிறகு இல்லை என்பது அவருக்குத் தெரியும். அடுத்த முறை பாரிஸ் என்று அம்மா ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

"யன்னலால என்னப்பா தெரிஞ்சது?" என்று கேட்டேன்.

"திரையைக் கொஞ்சம் நீக்கினா, இடப்பக்கம் கம்பளம் போட்டு அடிக்கிற இரும்புக் கம்பி. நடுவில ஒரு வால்நட் மரம். வலப்பக்கம் ட்ராம் திரும்புற வளைவு. அவ்வளவுதான்."

அப்பா இவ்வளவு நேரமும் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தார், அவர் வெளியிலிருந்து ஒருநாளும் பார்த்திராத வீட்டை. நான் கம்பியையும் மரத்தையும் தேடத் தொடங்கினேன். ஒரு முற்றத்தில் கம்பி இருந்தால் மரம் இல்லை, மரம் இருந்தால் ட்ராம் இல்லை. கடைசியாக ஒரு சுவரோடு முதுகை வைத்து நின்றபோது மூன்றும் வரிசையாக வந்தன. வளைவில் ட்ராம் கிரீச்சிட்டது.

"அப்பா, இஞ்ச வந்து நில்லுங்கோ!"

அப்பா வந்து என் பக்கத்தில் நின்றார். "இதுதான்" என்றார். பிறகு திரும்பி அண்ணாந்து பார்த்தார். மூன்றாம் மாடியில் பூச்சாடி வைத்த சின்ன யன்னல் ஒன்று. "இவ்வளவு சின்னனோ?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

"ஆரோ கத்தரிக்காய் சுடுகினம்" என்றார் அம்மா. கோபம் எங்கே போனதோ தெரியாது, மணம் வந்த பக்கமாக அவர் கால்கள் போய்விட்டன. மரத்துக்குப் பின்னால், தலைக்குச் சிவப்புச் சாயம் போட்ட ஒரு அன்ரி தகரத்தின் மேல் கத்தரிக்காயும் குடைமிளகாயும் சுட்டுக்கொண்டிருந்தார். யாரைத் தேடுகிறீர்கள் என்று முதலில் தன் மொழியிலும் பிறகு ஜேர்மனிலும் கேட்டார். ஜேர்மனியில் வயதானவர்களைப் பராமரிக்கும் வேலை செய்துவிட்டு வந்தவராம். நான்தான் முன்னே போய், என் அப்பா முன்பு இந்த மூன்றாம் மாடியில் லீவுக்கு வந்து தங்கியிருந்தவர் என்று விளக்கினேன்.

"லீவுக்கா?" என்று சிரித்தவர், அப்பாவைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "பகலிலும் திரை மூடியிருந்த வீடு. எங்கள் எல்லோருக்கும் தெரியும்."

"எல்லோருக்குமா?" என்று கேட்டார் அப்பா.

"நாங்கள் படியில் இறங்கினால் உள்ளே பேச்சு நின்றுவிடும். இத்தனை பேர் ஒன்றாக மூச்சைப் பிடித்தால் வெளியே தெரியாதா? பக்கத்து வீட்டைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது இந்த ஊரில் எல்லோருக்கும் பழக்கம்."

பிறகு ஒரு போத்தலைத் திறந்து, சிவப்பாய் எதையோ பாணில் பூசி எனக்கும் அப்பாவுக்கும் தந்தார். அப்பா ஒரு கடி கடித்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"இது... அந்த ஏஜென்சிக்காரன் கொண்டுவந்து கொழுவுகிறது."

"எந்த ஆள்?" என்றார் அன்ரி. "என் அம்மா செய்தது. கொழுவிவிட்டு ஓடிவா என்று என்னைத்தான் அனுப்புவார்."

அப்பாவின் கண்கள் நிறைந்து வழிந்தன. "என்னப்பா, உறைப்போ?" என்று அம்மா பதறினார். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். அதில் உறைப்பே இல்லை, எனக்குத் தெரியும், நான் இரண்டாவது துண்டு தின்றுகொண்டிருந்தேன்.

ஒரு சந்தேகம்தான் எனக்கு இருந்தது. மணி அடித்துக் கொடுத்திருக்கலாமே, இவர்கள் நன்றி சொல்லியிருப்பார்களே என்று அன்ரியிடம் கேட்டேன்.

"மணி அடித்தால் பயந்துவிடுவார்கள், பிள்ளை."

மணிக்கு யாராவது பயப்படுவார்களா? நான் சத்தமாகச் சிரித்தேன். அவர் சொன்னதை அம்மாவுக்குத் தமிழிலும் சொல்லிக் காட்டிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்ரி தந்த போத்தலை அம்மா தன் புதுச் சட்டைக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்தார். வீட்டுக்கு வந்து சில நாட்களில், அப்பா அதைப் பாணில் பூசிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. அப்பா கையில் பாணோடு அசையாமல் இருந்தார். வழக்கமான ஏச்சுக்காக நான் குசினிப் பக்கம் காதைக் கொடுத்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அப்பாவின் தோளைத் தொட்டுவிட்டு, கதவைத் திறந்தார். பக்கத்து வீட்டுக்காரர் எங்களுடைய பார்சலோடு நின்றார்.

அதற்குப் பிறகு பஞ்சி என்ற சொல் எங்கள் வீட்டில் கேட்டதில்லை. ஏசி ஏசி அம்மாவுக்கு அலுத்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.