அவளுக்குப் பதிலாக நான் பேசிய சனிக்கிழமை

பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் கடைக்காரர்கள் என்னை "ரீச்சர்" என்று கூப்பிடுவார்கள். என் சிநேகிதியை "புரொபெசர்" என்பார்கள். அவர்கள் வேண்டுமென்று செய்வதில்லை. எனக்கு இரண்டு பல்கலைக்கழகங்களில் மணிக்கணக்குச் சம்பளத்தில் வேலை. ஒவ்வொரு செப்டெம்பரும் புது ஒப்பந்தம். அவளுக்கு நிரந்தரப் பதவி. நாங்கள் இருவரும் ஒரே நூலகத்தில், பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருந்து ஆறு வருடம் ஆய்வு செய்தவர்கள். பிறகு ஒரே பதவிக்கு விண்ணப்பித்தோம். அது அவளுக்குக் கிடைத்தது. நேர்முகத்துக்கு முதல் நாள் அவளுடைய உரையைத் திருத்திக் கொடுத்தவளும் நான்தான்.

2019 டிசம்பரில் ஓய்வூதியச் சட்டத்துக்கு எதிராக வேலைநிறுத்தம் தொடங்கியது. மெட்ரோ அநேகமாக நின்றுவிட்டது. வகுப்புக்கு ஒன்றரை மணித்தியாலம் நடந்து போவேன். வந்திருக்கும் ஐந்தாறு மாணவர்களுக்கு, கோட்டைக் கழற்றாமலே, பிரித்தானியா ஐரோப்பாவை விட்டு விலகும் கதையைச் சொல்லிவிட்டுத் திரும்பி நடப்பேன். வழியில் தேத்தண்ணி குடிக்க நுழையும் கடையில் தொலைக்காட்சி ஓடும். அதில் அவள் இருப்பாள். நீலச் சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, பிரெஞ்சுக்காரர் நால்வருக்கு நடுவில் இருந்து, பிரித்தானியா போனால் என்ன நடக்கும் என்று விளக்குவாள்.

"உங்கட சிநேகிதியெல்லோ, ரீச்சர். என்ன வடிவாக் கதைக்கிறா" என்பார் முதலாளி.

"ஓம்" என்பேன். பாதி வடையைத் தட்டில் வைத்துவிட்டு எழும்புவேன்.

எனக்கு எரிச்சலூட்டியது வேறொன்று. எல்லை கடந்து போய்வரும் உரிமையைப் பற்றித்தான் நான் ஆய்வேடு எழுதினேன். அவள் எழுதியது பால் உற்பத்தியாளர்களுக்கான மானியங்களைப் பற்றி.

ஜனவரியில் எங்கள் தெரு வாசகசாலைக்காரர் ஒரு கூட்டம் வைத்தார்கள். அந்த மாத முடிவில் பிரித்தானியா விலகப்போகிறது. லண்டனில் சொந்தக்காரர் இல்லாத வீடு இங்கே இல்லை, சனம் பயந்துபோயிருந்தது. பேசுவதற்கு அவளைத்தான் கூப்பிட்டார்கள். அவள் நகரத்துக்கு வெளியே, கார்ஜ் லே கொனெஸில் குடியிருந்தாள். அன்று காலையில் தொலைபேசி எடுத்தாள்.

"ரெயின் ஒண்டும் இல்லையடி. எனக்குப் பதிலா நீ கதைக்கிறியே?"

"சரி, நான் பாக்கிறன். நீ மழையுக்கை வெளிக்கிடாதை" என்றேன். வேலைநிறுத்தம் செய்த சாரதிகளுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். நல்ல சேலையாகப் பார்த்து எடுத்தேன்.

மூன்று மணிக்குக் கூட்டம். நான் மேசைக்குப் போகும்போது கைப்பேசி அதிர்ந்தது. "மனம் கேக்கேல்லை. மத்தியானமே வெளிக்கிட்டிட்டன், நடந்து வாறன். நாலு மணிக்குள்ளை வந்திடுவன், சொல்லிவிடு." வாசித்தேன். கைப்பேசியைப் பைக்குள் வைத்தேன். தலைவர் என்னிடம் குனிந்து, "அப்ப அவ வரமாட்டாவோ?" என்று கேட்டார்.

"இல்லை, வரேலாது" என்றேன்.

நாற்பது நிமிடம் பேசினேன். ஒப்பந்தங்கள், உறுப்புரைகள், இடைமாற்றுக் காலம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். சனம் மரியாதையாகக் கேட்டது. சிலர் கோட்டுப் பொத்தானைப் பூட்டத் தொடங்கினார்கள். முன்வரிசையில் இருந்த, வன்னியில் இருந்து வந்த ஓர் அம்மா கையை உயர்த்தினார்.

"பிள்ளை, என்ரை மகளுக்கு லண்டனிலை மாசி கடைசியிலை பிள்ளைப்பேறு. என்னட்டைப் பிரெஞ்சுப் பாஸ்போட் இல்லை, அகதிகளுக்குக் குடுக்கிற ட்ரவல் டொக்குமெண்ட்தான். போகலாமோ?"

விடை எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் ஆய்வேட்டில் இருந்தவர்கள் எல்லோரும் உறுப்பு நாடுகளின் குடிமக்கள். இந்த அம்மா அதில் எங்கும் இல்லை. "அது... சூழ்நிலையைப் பொறுத்தது" என்றேன்.

"என்ன சூழ்நிலை?" என்று கேட்டார் அவர். நக்கல் இல்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

அப்போது கதவு திறந்தது. அவள் நின்றாள். தலைமயிரில் இருந்து தண்ணீர் சொட்டியது. சப்பாத்து முழுக்கச் சேறு. மூன்று மணித்தியாலம் நடந்திருக்கிறாள். சனம் எழுந்து இடம் விட்டது. யாரோ துவாய் கொண்டுவந்தார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேள்வியைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். பிறகு அந்த அம்மாவுக்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டாள்.

"அம்மா, உங்களுக்கு முந்தியும் விசா வேணும், இப்பவும் வேணும். அவை விலகிறதாலை உங்களுக்கு ஒண்டும் மாறேல்லை. பிரெஞ்சுக் குடியுரிமை இருக்கிற ஆக்களுக்கும் இந்த வருசம் ஒண்டும் மாறாது. நீங்கள் திங்கக்கிழமையே விசாவுக்குப் போடுங்கோ. மகளின்ரை டொக்டரிட்டை ஒரு கடிதம் எடுங்கோ."

அரை நிமிடம்கூட ஆகவில்லை. பொத்தான் பூட்டியவர்கள் திரும்ப இருந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் கேள்வியாக வந்தது. நான் மேசைக்குப் பின்னால் நின்றேன். நடந்துவருவதில்கூட அவள் என்னை வென்றுவிட்டாளே என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன். அவள் நனைந்ததற்காக ஒரு துளி இரக்கமும் எனக்கு வரவில்லை.

தலைவர் நன்றியுரையில், "வரமாட்டா எண்டு சொல்லிச்சினம், ஆனா வந்திட்டா" என்றார். அவள் என்னைப் பார்த்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு என் அறைக்குக் கூட்டிப்போனேன். உலர்ந்த காலுறையும் தேத்தண்ணியும் கொடுத்தேன். குதிக்காலில் கொப்புளம் உடைந்திருந்தது.

"மெசேஜ் பாத்தனியெல்லோ" என்றாள், காலைப் பார்த்தபடி. "ரெண்டு சரி அடையாளமும் நீலமாக் கிடந்தது."

"ஓம், பாத்தனான்."

"பிறகு?"

"நீ வரக்கூடாது எண்டு நினைச்சன்."

அதை இவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவள் காலுறையைப் போட்டாள்.

"அந்த வேலையோ?"

"அதுவும். ரீவியும். உன்ரை சால்வையும்."

அவள் சிரிக்கவில்லை. "அந்த உரை நீ திருத்தினது எண்டு எனக்கு மறந்துபோகேல்லை. ஆனா அதுக்காக நான் வேலையை விடேலாது" என்றாள். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, கார்ஜ் பக்கம் போகும் ஒருவருடைய வான் வண்டியில் ஏறிப் போனாள். நான்கு மாதம் என்னோடு கதைக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். விசா விண்ணப்பம் ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக இருந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் நிரப்பினேன். மாசி நடுவில் அவர் லண்டன் போனார். பேத்தி பிறந்ததும் என்னை அழைத்து, "புரொபெசருக்கும் சொல்லுங்கோ, அவவாலைதான் எல்லாம்" என்றார். சொல்வதாகச் சொன்னேன். அந்தச் செய்தியைத்தான் சாட்டாக வைத்துக்கொண்டு, மே மாதத்தில் ஒருநாள் அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

அடுத்த வருடம் அவளுடைய பிரிவில் இன்னொரு பதவி வந்தது. அறிவித்தல் வெளியான அன்றே எனக்கு அனுப்பினாள். என் உரையை இரண்டு தடவை கேட்டுத் திருத்தினாள். எனக்குக் கிடைக்கவில்லை. லியோனில் இருந்து வந்த, நான் முகமே பார்த்திராத ஒருவருக்குக் கிடைத்தது. அவர்மேல் எனக்குப் பொறாமை வரும் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். வரவில்லை. கவலை மட்டும்தான் வந்தது. பொறாமை முழுவதையும் அவளுக்கென்றே வைத்திருக்கிறேன் போலும்.