எண்ணக்கூடிய பெயர்கள்

'ஒன் லேடீஸ் இஸ் க்ரையிங் இன் தேர்ட் ஃப்ளோர்.' பெங்களூர் அல்சூரில் நான் வேலை பார்த்த அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மதிய வேளையில் வந்த செய்தி இது. அனுப்பியவர் எங்கள் கட்டடத்தைக் கூட்டித் துடைக்கும் அக்கா. அடுத்த நிமிடமே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் ஒன்று போட்டேன். ஒருத்திக்கு எப்படி 'லேடீஸ்' வரும் என்று எல்லோருக்கும் அப்படியொரு சிரிப்பு. பிறகு காபிக்காக எழுந்து போனபோது பார்த்தேன். மூன்றாம் மாடிப் படிக்கட்டில், வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத பெண் ஒருத்தி முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊரில் அப்பா தவறிவிட்டார் என்று போன் வந்திருக்கிறது. பக்கத்தில் அக்கா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தபடி இருந்தார். அந்தக் குழுவில் இருந்த அறுபது பேரில் வேறு யாரும் அங்கே வரவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அக்கா என்னிடம் வந்து நின்றார். "சார், நேத்து எல்லாரும் சிரிச்சீங்களே, நான் எழுதினதுல இன்னா தப்பு?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஒருத்தி என்றால் லேடி, பலர் என்றால் லேடீஸ் என்று தடுமாறிச் சொன்னேன். "பஸ்ல ஒரே ஒரு பொம்பள எறங்கினாலும் 'லேடீஸ் இளீத்தாரே'ன்னு தானே சார் கண்டக்டருங்கோ கன்னடத்துல கூவறாங்கோ?" என்றார். அதுவும் சரிதான்.

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. முட்டி தேய்ந்துவிட்டது, இனிமேல் குனிந்து துடைக்கக் கூடாது, மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரை வேலைக்கு வைத்திருந்த ஏஜென்சியில் சூப்பர்வைசர் இடம் ஒன்று காலியாகப் போகிறது. தினசரி ரிப்போர்ட்டை இங்கிலீஷில் எழுதிக் காட்டுகிறவருக்கு அந்த வேலை. கிடைக்காவிட்டால் ஸ்ரீராம்புரத்து வீட்டில் முடங்கிக் கிடக்க வேண்டியதுதான். போட்ட சிரிப்புப் பொம்மைக்குப் பரிகாரமாக, நான் சொல்லித்தருகிறேன் என்றேன்.

மூன்று மாதம், தினமும் அரை மணி நேரம், காபி மெஷினுக்குப் பக்கத்து மேசையில் பாடம் நடந்தது. திண்டுக்கல் பள்ளியில் நான் உருப்போட்டுப் படித்த பெயர்ச்சொல் வகைகளை அக்கா அவ்வளவு சுலபத்தில் ஏற்றுக்கொள்ளவில்லை. 'மேனேஜர்ஸ் இஸ் கமிங்' என்று எழுதினார். ஒருவர்தானே வருகிறார் என்றேன். "ஒருத்தர்தான். அதுக்குன்னு மரியாத இல்லாம எழுதறதா?" என்று கேட்டார். அதே நோட்டில் 'டென் பக்கெட்' என்று இருந்தது. 'ஸ்' போடுங்கள் என்றால், "பத்துன்னு சொல்லியாச்சே சார், மறுபடி எதுக்கு?" என்றார். யோசித்துப் பார்த்தால் தமிழில் அப்படித்தான் பேசுகிறோம். கடைசியில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ இங்கிலீஷ்ல மேனேஜரும் பக்கெட்டும் ஒண்ணுதானா?" என்றார். சிரித்துச் சிரித்து எனக்குப் புரை ஏறிவிட்டது.

எண்ண முடியாத பெயர்கள் மட்டும் ஒரே நாளில் பிடிபட்டுவிட்டன. "ஃபினாயில எண்ண முடியாது, கேன எண்ணலாம். அவ்ளோதானே?" என்று முடித்துவிட்டார். நான் படித்த இலக்கணப் புத்தகத்தில்கூட இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கவில்லை. பாராட்டினேன். அவர் துடைக்கும் துணியைக் கையில் எடுத்துக்கொண்டே, "ஹவுஸ்கீப்பிங் எதுல சார் வரும்?" என்றார். எண்ண முடியாததில் வரும் என்று பட்டென்று சொல்லிவிட்டேன். "சும்னே, சும்மாதான் கேட்டேன்" என்று மேசையைத் துடைக்க ஆரம்பித்தார். பாடம் ஒழுங்காகப் போகிறது என்று நானும் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

தேர்வு நாளில், அன்றைக்கு நடந்த வேலையை ரிப்போர்ட்டாக எழுதச் சொல்லியிருக்கிறார்கள். வழக்கமாக முதல் வரியில் 'ஹவுஸ்கீப்பிங் 12' என்று போட்டுவிட்டுக் கீழே மற்றதை எழுதுவார்கள். அக்கா அப்படிச் செய்யவில்லை. அன்று வேலை பார்த்த பன்னிரண்டு பேரின் பெயரையும் ஒருவர் பின் ஒருவராக, ஒவ்வொன்றுக்கும் முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டு எழுதிவிட்டார். எதற்கம்மா இவ்வளவு நீளம் என்று ஏஜென்சி அதிகாரி கேட்டதற்கு, "ப்ராப்பர் நௌன் சார். அதுக்கு ப்ளூரல் கிடையாது" என்றாராம். மனிதர் எல்லாப் பெயரையும் ஒருமுறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நான் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன். அக்கா அதே கட்டடத்தில் சூப்பர்வைசர். ரிப்போர்ட்டில் இன்றைக்கும் பெயர்கள்தான் வருகின்றன என்று கேள்விப்பட்டேன்.

வேலை கிடைத்த அன்று, ரிப்போர்ட்டைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு என் இடத்துக்கே வந்து காட்டினார். வாத்தியார் தோரணையில் வரி வரியாகப் படித்தேன். ஒரு பிழைகூட இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சரி, அக்காவின் பெயரை எப்படி எழுதியிருக்கிறார் பார்ப்போம் என்று மேலே போய்த் தேடினேன். பன்னிரண்டும் பெண்களின் பெயர்கள். மேலிருந்து கீழே ஒருமுறை போனேன், திரும்பவும் மேலிருந்து வந்தேன். என் போனில் அவர் எண்ணை 'ஹவுஸ்கீப்பிங் அக்கா' என்றுதான் பதிந்து வைத்திருந்தேன். மூன்று மாதம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தும் அவர் பெயரை நான் கேட்டதில்லை.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். போனை என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

"ஏழாவது லைன், சார்" என்றார்.