திருடன் சீட்டு

குன்னூரில் நடந்த ஆசிரியர் பயிற்சியில் தர்க்கமாக யோசிக்க ஒரு விளையாட்டு வைத்தார்கள். ஆளுக்கொரு சீட்டு; ஒன்றில் மட்டும் 'திருடன்'. பேசிப் பார்த்தே ஆளைப் பிடிக்க வேண்டும். தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டில் வளர்ந்தவள் என்று காலை அறிமுகத்திலேயே சொல்லியிருந்தேன்.

"வாயே தொறக்கலைங்க, இவங்கதான்" என்றார் பக்கத்து டீச்சர். எல்லோரும் என்னைக் காட்டினார்கள். என்னுடையது வெற்றுச் சீட்டு.

அடுத்த சுற்றில் வலியப் பேசினேன்.

"ரொம்பப் பேசறாங்க, இவங்களேதான்."

அதுவும் வெற்றுச் சீட்டுதான். "லயத்து ஆளுங்க மூஞ்சில ஒண்ணும் தெரியாதுங்க" என்றார் அதே டீச்சர். அறையே சிரித்தது.

மூன்றாவது சுற்றில் நிஜமாகவே எனக்குத் திருடன் வந்தது. யாரும் ஒரு கேள்விகூடக் கேட்காமல் என்னையே காட்டினார்கள். சீட்டைப் பிரித்தேன்.

"இப்பத்தான் சரியா யோசிச்சிருக்கீங்க" என்று பயிற்சியாளர் கைதட்டச் சொன்னார்.

அவர்கள் தட்டியதை விடுங்கள். நான் எதற்குத் தட்டினேன்?