சந்தனம் அடைத்த சாவித் துளை

என் கணவர் அந்தக் காரை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே எனக்கு அதைப் பிடிக்கவில்லை. இரண்டே கதவு. உள்ளே உட்காருவதென்றால் தரையில் சம்மணம் போடப் போகிறவரைப் போல இறங்க வேண்டும். வெளியே வரும்போது கை கொடுக்க ஓர் ஆள் வேண்டும். யாரோ ஒரு பணக்கார வீட்டுப் பிள்ளை ஆசையாக ஓட்டி, அலுத்துப்போய், கைமாறி கைமாறி எங்களிடம் வந்து சேர்ந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவரிடம், ஏதாவது ஒன்றில் மனசைச் செலுத்துங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் நடைப்பயிற்சியை நினைத்துத்தான் சொல்லியிருப்பார். இவர் காரைப் பிடித்துக்கொண்டார்.

ஸ்டென்ட் வைத்ததிலிருந்து நான் பயந்துகொண்டேதான் இருந்தேன். அவர் குளியலறையில் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தால் கதவைத் தட்டுவேன். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போது போன் அதிர்ந்தால் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு எடுத்துப் பார்ப்பேன். எட்டாம் வகுப்புக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறவள், இதயம் எப்படி ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்று கரும்பலகையில் படம் வரைகிறவள், அந்தப் பாடம் வந்தாலே வேகமாக முடித்துவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடுவேன்.

காக்ஸ் டவுனில், தமிழும் கன்னடமும் கலந்து புழங்கும் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் அந்தக் கார் ஓரிரு வருஷம் சாதுவாகத்தான் இருந்தது. அப்புறம் ஆரம்பித்தது. ரிமோட்டை அழுத்தினால் ஒரு கதவு பூட்டிக்கொள்ளும். இன்னொன்று பூட்டியது போலப் பாவனை செய்துவிட்டு உடனே திறந்துகொள்ளும். கூடவே அலாரம். பூனை ஏறினால் கத்தும். குப்பை லாரி வந்தால் கத்தும். எதுவுமே இல்லாவிட்டாலும் கத்தும். முதல் வாரம் அக்கம்பக்கத்தார் இறங்கி வந்து, என்ன ஏது என்று விசாரித்தார்கள். அடுத்த வாரம் இன்டர்காமில் கூப்பிட்டார்கள். அதற்கப்புறம் யாரும் எதுவும் கேட்பதில்லை. நானும் அடுப்படியில் நின்றபடியே, "உங்க செல்லம் கூப்பிடுது, போய்ப் பாருங்க" என்பேன்.

தெருமுனை மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "சார், அலாரத்தையே கழட்டிப் போட்ருவோம், தலவலி விட்டுது" என்றார். இவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"இன்னா கோளாறுன்னே தெரியாம கழட்டறதா? ஒண்ணொண்ணா பாக்கணும் பா."

பார்க்கவும் செய்தார். அதில் குறை சொல்ல முடியாது. பானெட்டின் கீழே குமிழ் மாதிரி ஒரு சின்ன சுவிட்ச். அதில் அழுக்கு ஏறினால் பானெட் திறந்திருப்பதாக நினைத்துக்கொண்டு கார் கத்துமாம். அதைத் துடைத்தார். கதவுப் பூட்டுக்குள் இன்னொரு சுவிட்ச். கதவின் உள்பலகையைக் கழற்றி அதையும் பார்த்தார். மிச்சம் இருந்தது காருக்குள் ஆள் அசைவைக் கண்டுபிடிக்கும் சென்சார் ஒன்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறிய பிறகு, கீழேயிருந்து குரல் கொடுத்துக் கூப்பிட்டார். வெளிச்சம் வேண்டுமென்று காரைக் கட்டடத்துக்குப் பின்னால் மதிலோரம் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார். நிழல் என்று பெயருக்கும் கிடையாது. வாட்ச்மேன் இருக்கும் கேட் முன்பக்கம். அவர் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. நான் என் போனையும் மேஜைமேல் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

"நான் உள்ள உக்காந்துக்கறேன். நீ வெளிய நின்னு ரிமோட்ல பூட்டு. நான் ஆடாம அசையாம இருப்பேன். கத்தலன்னா சென்சார் நல்லா இருக்கு. அப்பறம் கைய ஆட்டுவேன். அப்ப கத்தணும். அவ்ளோதான்."

"இந்த வெயில்லயா?"

"ரெண்டு நிமிஷ வேல டி."

அவர் உள்ளே இறங்கிக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் அழுத்தினேன். இரண்டு கதவும் டொக்கென்று ஒழுங்காகப் பூட்டிக்கொண்டன. அவர் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். கார் கத்தவில்லை. பிறகு கையை ஆட்டினார். கத்தியது. பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பையனைப் போல என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். நானும் சிரித்துக்கொண்டே திறக்கும் பொத்தானை அழுத்தினேன்.

திறக்கவில்லை.

மறுபடி அழுத்தினேன். காரின் விளக்குகள் மங்கலாக ஒரு முறை கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்தன. வாரக்கணக்கில் கத்திக் கத்திக் காரின் பேட்டரி தேய்ந்துபோயிருந்திருக்கிறது. கடைசி மூச்சை அப்போதுதான் விட்டது. பேட்டரி இல்லாவிட்டால் பூட்டு திறக்காது, கண்ணாடி இறங்காது, ஹாரன் அடிக்காது. அந்த அலாரத்துக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன பேட்டரி உண்டு. திருடன் ஒயரை அறுத்தாலும் கத்த வேண்டுமென்று அப்படிச் செய்திருக்கிறார்கள். அது கத்திக்கொண்டே இருந்தது.

அவர் உள்ளேயிருந்து கைப்பிடியை இழுத்தார். அது தொளதொளவென்று ஆடியது. ரிமோட்டில் பூட்டிவிட்டால் உள்கைப்பிடி வேலை செய்யாது என்று எனக்கு அவரே ஒருநாள் பெருமையாகச் சொல்லியிருந்தார். திருடன் கண்ணாடியை உடைத்துக் கையை விட்டாலும் கதவைத் திறக்க முடியாதாம். அப்போது எனக்கு அதில் தப்பாக எதுவும் தோன்றவில்லை.

சாவி. ரிமோட்டோடு சாவியும் இருந்தது. அதைக் கதவின் துளையில் வைத்து அழுத்தினேன். நுனி மட்டும் போய் நின்றுவிட்டது. குனிந்து பார்த்தேன். துளைக்குள் மஞ்சளாக ஏதோ கெட்டியாக இருந்தது. கொஞ்ச நேரம் எனக்குப் புரியவேயில்லை. பிறகு புரிந்தது.

சந்தனம். ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்துப் பொட்டு வைப்பது எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான். இவர் மற்றவர்களைப் போல முகப்பில் மட்டும் வைத்துவிட்டு வருகிறவர் இல்லை. ஸ்டீயரிங்குக்கு ஒன்று, நான்கு சக்கரத்துக்கும் ஒவ்வொன்று, சாவித் துளைக்கு ஒன்று என்று சந்தனத்தைக் குழைத்துப் பக்தியோடு அப்பி, மேலே குங்குமம் வைப்பார். கதவை எப்போதும் ரிமோட்டில்தான் திறந்தோம். துளைக்குள் போன சந்தனம் பூஜைக்குப் பூஜை காய்ந்து இறுகிக் கிடந்தது எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. இன்னொரு கதவுக்கு ஓடினேன். அந்தப் பக்கத்தில் துளையே கிடையாது.

கொண்டை ஊசியை உருவிச் சுரண்டினேன். பொடிப்பொடியாக வந்ததே தவிர வழி திறக்கவில்லை. ஊசி வளைந்தது. உள்ளே அவர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். நெற்றி, கழுத்து எல்லாம் வேர்வை. பூட்டிய கார் வெயிலில் எப்படிச் சூடேறும் என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்கிறவள் நான். ஒளி உள்ளே போகும், வெப்பம் வெளியே வராது. என் வாயால் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் அப்போது காதில் ஒலித்தது.

கத்தினேன். "யாராவது வாங்களேன்! உள்ள ஆள் மாட்டிக்கிட்டாரு! யாராவது வாங்க! பன்னி யாராதரு!"

தமிழில் கத்தினேன், கன்னடத்தில் கத்தினேன். அலாரம் என் குரலை அப்படியே விழுங்கிவிட்டது. இரண்டாவது மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. அந்த வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். நான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். அவள் காரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சீக்கிரம் அணையுங்கள் என்பது போலக் கையைக் காட்டிவிட்டு ஜன்னலை மூடிக்கொண்டாள். அவளைக் குற்றம் சொல்ல வாயில்லை. நானும்தான் அத்தனை வாரமும் அடுப்படியை விட்டு நகராமல் இருந்தேன். ஆனால் அந்த நிமிஷம் அவள் மேல் வந்த ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்தது.

வாட்ச்மேனைக் கூட்டிவரலாம் என்று திரும்பி ஓடப் போனேன். பின்னாலிருந்து தட்டும் சத்தம். அவர் உள்ளங்கையால் கண்ணாடியில் அறைந்துகொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தேன். முகம் சாம்பல் நிறத்துக்குப் போயிருந்தது. வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அப்போதுதான் என் காலடியில் அவருடைய ஸ்பானர்கள் பரப்பிக் கிடந்ததைப் பார்த்தேன். சக்கரம் கழற்றும் பெரிய ஸ்பானரை எடுத்தேன். அவர் இன்னும் கையை ஆட்டிக்கொண்டேயிருந்தார். அந்தக் காருக்கு இப்போது எங்கே தேடினாலும் கண்ணாடி கிடைக்காது என்று அவர் சொன்னது ஞாபகம் வந்தது. சாகக் கிடக்கும்போதும் கண்ணாடியா! எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. அவர் இல்லாத பக்கத்துக்கு ஓடி, கண்ணாடியின் நடுவில் ஓங்கி அடித்தேன். ஸ்பானர் எகிறியது. இன்னொரு அடி. ஒன்றும் ஆகவில்லை. மூலையில் அடி, மூலையில் அடி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கீழ் மூலையில் அடித்தேன். கண்ணாடி மொத்தமும் கல்கண்டு மாதிரி உதிர்ந்தது. உள்ளேயிருந்து அடுப்பைத் திறந்தது போல அனல் முகத்தில் அடித்தது.

அவர் கியரைத் தாண்டி ஊர்ந்து வந்து தலையை வெளியே நீட்டி மூச்சு வாங்கினார். கதவு அப்போதும் திறக்கவில்லை. கக்கத்தில் கை கொடுத்து இழுத்தேன், தொப்பை சிக்கிக்கொண்டது. கண்ணாடி உடைந்த சத்தம் கேட்டோ என்னவோ வாட்ச்மேன் வந்தார். ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர். "ஏனாயித்து மேடம்? ஐயோ தேவரே, சாரு உள்ள இருக்காரா!" என்று ஓடிவந்து அவரும் பிடித்தார். இரண்டு பேருமாக இழுத்துத் தரையில் போட்டோம். அலாரம் அதுவரைக்கும் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். இதயத்துக்கு ஒன்றுமில்லை, வெப்பம்தான் தாக்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் என் முழங்கையில் ரத்தம் காய்ந்திருந்ததை நர்ஸ் காட்டினாள். திரையை இழுத்துவிட்டு அவள் போனதும், அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது.

"ஏங்க, உங்களுக்கு உயிர விட அந்தக் கண்ணாடி பெருசாப் போச்சா? வேணாம் வேணாம்னு கைய ஆட்டறீங்க! நான் மட்டும் உங்க பேச்சக் கேட்டிருந்தா?"

அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பதில் சொல்லமாட்டார் என்று நினைத்தேன். கல்யாணமான நாளிலிருந்து எதற்கும் அசைந்துகொடுக்காத முகம் அது. ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனபோதுகூட எனக்குக் கையசைத்துவிட்டுப் போனவர்.

உதடு நடுங்கியது. என் பக்கம் திரும்பினார்.

"கண்ணாடிய யாரு நெனச்சா? நீ திரும்பி ஓடப் பாத்த. என்ன உட்டுட்டுப் போவாதன்னு சொன்னேன்."